புறங்கையில் கொப்புளம், காரணம் கல்லீரலில்: தோலைத் தாக்கும் போர்பிரியாவும் அரிய நோய்க் கொள்கையும்

அரிய நோய்கள் குறித்த பேச்சு அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளது. 2021 மார்ச்சில் இந்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, அரிய நோய்களை உலகளாவிய சுகாதார முன்னுரிமையாக ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. இவை தொடர்பான விவாதங்களில் பெரும்பாலும் முன்னிற்பது மருந்தின் விலை. விலை உயர்ந்த மருந்தை ஏழைக் குடும்பம் எவ்வாறு பெறும் என்பது நியாயமான கேள்வியே. எனினும், விலையைவிட நோயைக் கண்டறிவதில் ஏற்படும் தாமதமே பெருந்தடையாக நிற்கும் அரிய நோய்களும் உண்டு. தோலைத் தாக்கும் போர்பிரியா அவற்றுள் ஒன்று. அதன் மிகப் பரவலான வகைக்கு உரிய சிகிச்சை, அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே உள்ள எளிய வசதிகளைக் கொண்டே அளிக்கத்தக்கது. இந்நோய் எத்தகையது, எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு கட்டுப்படுத்துவது, கொள்கை அளவில் இடைவெளி எங்குள்ளது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

போர்பிரியா என்றால் என்ன?

நமது இரத்தத்திற்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின். அதன் உள்ளிருந்து ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் பகுதிக்கு ஹீம் என்று பெயர். ஹீம் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலும், அடுத்தபடியாகக் கல்லீரலிலும் உருவாகிறது. எட்டு நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்பட்டு, எட்டுப் படிகளில் இதனை உருவாக்குகின்றன. இவற்றுள் ஏதேனும் ஒரு நொதியின் செயல்பாடு பிறழ்ந்தால், ஹீமாக மாற வேண்டிய இடைநிலைப் பொருள்கள் உடலில் தேங்குகின்றன. அப்பொருள்களுள் முதன்மையானவை போர்பிரின்கள். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

எந்தப் படியில் தடை ஏற்படுகிறது என்பதைப் பொறுத்து நோயின் வகையும் அறிகுறிகளும் மாறுபடும். சில வகைகள் தோலை மட்டும் தாக்கும். சில நரம்பு மண்டலத்தைத் தாக்கிக் கடும் வயிற்று வலியை உண்டாக்கும். இரண்டையும் தாக்கும் வகைகளும் உள்ளன. எந்த வகையும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது.

வெயில் ஏன் புண்ணாக்குகிறது?

போர்பிரின்கள் ஒளியை ஈர்க்கும் தன்மையுடையவை. குறிப்பாக 400 முதல் 410 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள ஊதா ஒளியை அவை மிகுதியாக ஈர்க்கின்றன. அவ்வாறு பெற்ற ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்கு அளிக்கும்போது உருவாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் தோல் திசுக்களைச் சிதைக்கின்றன.

இதனை நினைவிற்கொள்வது நடைமுறையில் மிக முக்கியம். மேற்கண்ட ஒளி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் பகுதியாகும். அது சாளரக் கண்ணாடியை ஊடுருவி வரும். ஆகவே பேருந்தில் கண்ணாடியை மூடிக்கொண்டு பயணம் செய்வதால் மட்டும் பாதுகாப்புக் கிடைக்காது. கடைகளில் விற்கப்படும் நிறமற்ற சன்ஸ்கிரீன் களிம்புகள் பெரும்பாலும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கவே உருவாக்கப்பட்டவை. ஊதா ஒளியை அவை போதிய அளவு தடுப்பதில்லை. "களிம்பு தடவியும் கொப்புளம் வருகிறது" என்று நோயாளி கூறினால், அதை அவரது கவனக்குறைவு என்று தள்ளிவிடலாகாது. அதுவே நோயைச் சுட்டும் குறிப்பாக இருக்கலாம்.

தோல் பாதிப்பின் இருவேறு தோற்றங்கள்

முதலாவது, கொப்புள வகை. போர்பிரியா குட்டேனியா டார்டா என்னும் நோய் இதன் முதன்மை எடுத்துக்காட்டு; போர்பிரியாக்கள் அனைத்திலும் மிகப் பரவலானதும் இதுவே. பெரும்பாலும் நடுத்தர வயதில் தோன்றுகிறது. புறங்கை, முன்கை, முகம், கழுத்து என வெயில் படும் இடங்களில் தோல் மெலிந்து, சிறு உரசலுக்கும் உரிந்துவிடும். நீர் கோத்த கொப்புளங்கள் தோன்றி, மெதுவாக ஆறி, தழும்பையும் வெண்ணிறச் சிறு பருக்களையும் விட்டுச் செல்லும். தோல் கருமையடையலாம், கன்னத்திலும் கண்ணோரத்திலும் மென்முடி வளரலாம். சிறுநீர் செந்நிறமாகவோ தேநீர் நிறமாகவோ காணப்படலாம். வெயில் பட்ட உடனே வலி ஏற்படாததால், கொப்புளத்திற்கும் வெயிலுக்கும் உள்ள தொடர்பை நோயாளியே உணராதிருப்பது உண்டு. வயலிலும் கட்டுமானப் பணியிலும் உழைப்போர் இதனை வேலையால் வந்த காயம் என்றே எண்ணிவிடக்கூடும்.

இரண்டாவது, உடனடி வலி வகை. எரித்ரோபாய்டிக் புரோட்டோபோர்பிரியா என்பது இதன் பெயர். இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது. வெயிலில் நின்ற சில நிமிடங்களில் கைகளிலும் முகத்திலும் தாங்கொணா எரிச்சல் உண்டாகும். வீக்கமும் சிவப்பும் தோன்றலாம். கொப்புளம் பெரும்பாலும் வராது. கண்ணுக்குத் தெரியும் அடையாளம் குறைவு என்பதால், பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்திலோ விளையாட்டு வேளையிலோ குழந்தை அழும்போது, பெரியவர்கள் அதனைச் சாக்குப்போக்கு என்று கருதிவிடுகின்றனர். வெயிலில் நின்றபின் கைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி அழும் குழந்தையைக் கண்டால் பெற்றோரும் ஆசிரியர்களும் அதனைப் பொருட்படுத்த வேண்டும். இவ்வகையினருள் சிலருக்குப் பித்தப்பைக் கற்களும், ஒரு சிறு பகுதியினருக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பும் ஏற்படுவதுண்டு.

இவ்விரண்டையும்விட மிக அரியது, பிறவியிலேயே தோன்றும் எரித்ரோபாய்டிக் போர்பிரியா. குழந்தையின் இடுப்புத் துணியில் சிறுநீர் செந்நிறக் கறையாகப் படிவது இதன் முதல் அடையாளமாக இருக்கலாம். பற்கள் செம்பழுப்பு நிறமடையும்; தொடர்ந்து ஏற்படும் புண்களால் விரல்களும் மூக்கும் காதுகளும் உருக்குலையக்கூடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்ந்த மரபணு கிடைத்தாலன்றி இது பொதுவாக ஏற்படுவதில்லை. நெருங்கிய உறவில் திருமணம் செய்துகொண்ட குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கான வாய்ப்புக் கூடுதல் என்பதால், அக்குடும்பங்கள் மரபியல் ஆலோசனை பெறுவது நன்று.

பரம்பரை நோய் மட்டும்தானா?

போர்பிரியா என்றாலே பரம்பரை நோய் என்ற எண்ணம் நிலவுகிறது. போர்பிரியா குட்டேனியா டார்டாவைப் பொறுத்தவரை இது முழு உண்மையன்று. இந்நோயாளிகளில் ஏறத்தாழ ஐவரில் நால்வருக்கு அந்நொதிக்குரிய மரபணுப் பிறழ்வு எதுவும் இருப்பதில்லை. ஹீம் உருவாக்கத்தின் ஐந்தாவது நொதி, கல்லீரலில் நிகழும் மாற்றங்களால் முடக்கப்படுவதே நோய்க்குக் காரணம். அதன் செயல்பாடு இயல்பில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே குறையும்போது தோலில் அறிகுறிகள் தென்படுகின்றன.

புறச்சூழல் ஒன்றே இந்நோயை உருவாக்கக்கூடும் என்பதற்குத் துருக்கி நாட்டின் தென்கிழக்குப் பகுதியில் 1955 முதல் 1959 வரை நிகழ்ந்த துயரம் சான்றாகும். விதைப்பதற்காக வழங்கப்பட்ட கோதுமையில் பூஞ்சைக்கொல்லியாக ஹெக்சாகுளோரோபென்சீன் என்னும் வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. உணவுப் பற்றாக்குறையால் மக்கள் அவ்விதையையே உண்டனர். ஆயிரக்கணக்கானோர் போர்பிரியாவுக்கு ஆளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். நச்சுற்ற தாய்ப்பாலைப் பருகிய பச்சிளங்குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். பின்னர் 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கட்டுப்படுத்திய முதல் 12 வேதிப்பொருள்களுள் ஹெக்சாகுளோரோபென்சீனும் இடம்பெற்றது. விதைக்கென மருந்திடப்பட்ட தானியத்தை எந்நிலையிலும் உண்ணலாகாது என்பது இந்நிகழ்வு தரும் பாடம்.

இன்று இந்நோயைத் தூண்டும் காரணிகளாக அறியப்பட்டவை: மது அருந்துதல், கல்லீரலில் இரும்புச்சத்து மிகுதல், ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்று, எச்.ஐ.வி. தொற்று, புகைபிடித்தல், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள். பெரும்பாலும் ஒரே நோயாளியிடம் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே காணப்படும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இந்நோய் வரக்கூடும். எனவே புறங்கைக் கொப்புளம், உள்ளே மறைந்திருக்கும் கல்லீரல் நோயின் முதல் அறிவிப்பாக அமையலாம். அதனைத் தோல் நோய் என்று மட்டும் கருதிக் களிம்போடு நிறுத்திக்கொண்டால், கல்லீரல் இறுக்கத்தையும் கல்லீரல் புற்றுநோயையும் தடுக்கும் வாய்ப்பு நழுவிப்போகும்.

கண்டறிதல்: தாமதம் நேரும் இடம்

கொப்புளம் கண்டவுடன் போர்பிரியா என்று முடிவுசெய்ய இயலாது. வேறு தோல் நோய்களும் இதே தோற்றம் தரும். நாப்ராக்சன் போன்ற வலி நிவாரணிகள், ஃபியூரோசமைடு, டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் ஆகியவற்றாலும் இதனை ஒத்த கொப்புளங்கள் தோன்றலாம். ஆகவே ஆய்வகப் பரிசோதனை இன்றியமையாதது.

கொப்புள வகைக்குச் சிறுநீரிலும் இரத்தப் பிளாஸ்மாவிலும் போர்பிரின் அளவு பார்க்கப்படுகிறது. உட்ஸ் விளக்கின் ஒளியில் சிறுநீர் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தால் அது பயனுள்ள முதற்குறிப்பு. எனினும் அதுவே இறுதி முடிவாகாது. உடனடி வலி வகையிலோ நிலைமை வேறு. அங்குத் தேங்கும் புரோட்டோபோர்பிரின் நீரில் கரையாததால் சிறுநீரில் வெளிப்படுவதில்லை. சிவப்பணுக்களில்தான் அதனை அளவிட வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை இயல்பாக இருப்பதைக் கொண்டு அக்குழந்தைக்கு நோயில்லை என்று கூறுவது பிழையாகும்.

மாதிரியைக் கையாளும் முறையும் முக்கியமானது. போர்பிரின்கள் ஒளியில் சிதைபவை. மாதிரிக் குப்பியைக் கறுப்புத் தாளாலோ அலுமினியத் தாளாலோ சுற்றி, குளிர்நிலையில் ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும். வெளிச்சத்தில் வைக்கப்பட்ட மாதிரி, நோய் இருந்தும் இல்லை என்ற முடிவைத் தரக்கூடும். நீங்கள் மாதிரி அளிக்கும்போது இதனை ஆய்வகப் பணியாளரிடம் தயங்காமல் கேட்டறியலாம்.

நோய் உறுதியானபின் கல்லீரல் செயல்பாடு, ஃபெரிட்டின் அளவு, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி., நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் மேற்கொள்ளப்பட வேண்டும்.

சிகிச்சை: எளிய வழிகள் இரண்டு

போர்பிரியா குட்டேனியா டார்டாவுக்கு நிறுவப்பட்ட சிகிச்சைகள் இரண்டு. முதலாவது, குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தம் வெளியேற்றுதல். பொதுவாக இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, இரத்த தானத்தில் எடுக்கும் அளவை ஒத்து, சுமார் 450 மில்லிலிட்டர் இரத்தம் எடுக்கப்படும். ஃபெரிட்டின் அளவு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 நானோகிராம் என்ற நிலைக்குக் குறையும்வரை இது தொடரும். கல்லீரலில் மிகுந்துள்ள இரும்பு குறையும்போது, முடங்கியிருந்த நொதி மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. இரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் இதனை மேற்கொள்ளலாம்.

இரண்டாவது, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை. கோவிட் பெருந்தொற்றின்போது பலரும் கேள்விப்பட்ட இம்மருந்து, இங்கு மிகக் குறைந்த அளவில் பயன்படுகிறது: வாரத்திற்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 100 மில்லிகிராம். இரத்தசோகை உள்ளவர்களுக்கும், இரத்தம் எடுக்க இயலாதவர்களுக்கும் இது ஏற்றது. ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பிற நோய்களுக்கு அளிக்கப்படும் வழக்கமான அளவில் இம்மருந்தை இந்நோயாளி உட்கொண்டால், கல்லீரலில் தேங்கிய போர்பிரின்கள் திடீரென வெளிப்பட்டுக் காய்ச்சலும் கல்லீரல் பாதிப்பும் ஏற்படலாம். மருத்துவர் குறித்த அளவை நீங்களாகக் கூட்டலாகாது. சிறுநீரக நோயாளிகளுக்கு இம்மருந்து பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. கண் பரிசோதனையும் தேவைக்கேற்ப மேற்கொள்ளப்படும்.

இவ்விரு வழிகளும் ஏறத்தாழ ஒத்த பலனை அளிக்கின்றன. பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் புதிய கொப்புளங்கள் நின்றுவிடும். மதுவை முற்றிலும் கைவிடுதல், புகையை நிறுத்துதல், மருத்துவர் கூறாமல் இரும்புச்சத்து மாத்திரைகளை உட்கொள்ளாதிருத்தல் ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளே.

ஹெபடைடிஸ் சி தொற்று உடையவர்களுக்கு அதற்கான சிகிச்சையே போர்பிரியாவையும் தணிக்கக்கூடும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இதற்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசமாக அளிக்கப்படுகின்றன. கல்லீரல் இறுக்கம் ஏற்படாதவர்களுக்குப் பெரும்பாலும் 12 வார மாத்திரைச் சிகிச்சை போதுமானது.

உடனடி வலி வகைக்கு இரத்தம் வெளியேற்றுதல் பயன் தராது. அவ்வகையினர் கூடுதல் நேரம் வலியின்றி வெயிலில் இருக்க உதவும் அஃபாமெலனோடைடு என்னும் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014இலும், அமெரிக்கா 2019இலும் ஒப்புதல் அளித்தன. தோலுக்கடியில் வைக்கப்படும் இம்மருந்து பெரியவர்களுக்கானது, விலை மிகுந்தது. பிறவி வகையில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நோயை நீக்கும் வாய்ப்பை அளிக்கிறது.

தோலோடு நில்லாத வகைகள்: ஓர் எச்சரிக்கை

வேரிகேட் போர்பிரியா, பரம்பரை கோப்ரோபோர்பிரியா ஆகிய இரு வகைகளில் இதே போன்ற கொப்புளங்களுடன் உயிருக்கு ஆபத்தான கடும் தாக்குதல்களும் நிகழலாம். தாங்க இயலாத வயிற்று வலி, வாந்தி, மலச்சிக்கல், கை கால் தளர்ச்சி, மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். பினோபார்பிட்டல், பெனிடாயின், கார்பமாசெபின், ரிஃபாம்பிசின், சல்பா வகை மருந்துகள் ஆகியவை இத்தாக்குதலைத் தூண்டக்கூடும். நீண்ட பட்டினியும் கடும் உண்ணாவிரதமும் அவ்வாறே. கொப்புளத்திற்குக் காரணமான வகை எது என்பதைச் சரியாக அறிய வேண்டியதன் தேவை இதனால் விளங்கும். இவ்வகை உறுதிசெய்யப்பட்டவர்கள் தம் நோயின் பெயரையும் தவிர்க்க வேண்டிய மருந்துகளையும் எழுதிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். கடும் தாக்குதலின் அறிகுறிகள் தோன்றினால் உடனே 108 ஆம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

கொள்கையில் உள்ளதும் இல்லாததும்

2021ஆம் ஆண்டுக் கொள்கை அரிய நோய்களை மூன்று பிரிவுகளாக வகுக்கிறது: ஒருமுறைச் சிகிச்சையால் குணமாகத்தக்கவை, ஒப்பீட்டளவில் குறைந்த செலவில் நீண்டகாலச் சிகிச்சை தேவைப்படுபவை, மிகுந்த செலவில் வாழ்நாள் முழுதும் சிகிச்சை தேவைப்படுபவை. கடும் தாக்குதலை உண்டாக்கும் அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்பிரியாவுக்கான ஹீமின் ஊசி மருந்து இரண்டாம் பிரிவில் குறிப்பிடப்பட்டுள்ளது. 2022இல் நிதியுதவியின் உச்சவரம்பு அனைத்துப் பிரிவினருக்கும் 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்வுதவியைப் பெற, அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையம் ஒன்றில் பதிவுசெய்ய வேண்டும். சென்னை எழும்பூரிலுள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையங்களுள் ஒன்று.

இவ்வேற்பாடுகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் போர்பிரியா குட்டேனியா டார்டா நோயாளியின் தேவை வேறு. அவருக்கு வேண்டிய இரத்த வங்கி, மலிவான மாத்திரை, இலவச ஹெபடைடிஸ் சி சிகிச்சை ஆகிய மூன்றும் பொதுச் சுகாதார அமைப்பில் முன்பே உள்ளன. அவரை அவற்றிடம் கொண்டு சேர்க்கும் இணைப்பே பலவீனமாக உள்ளது. நிதியுதவித் திட்டம், நோய் கண்டறியப்பட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. கண்டறியப்படாதவர் அதன் வாயிலைக்கூட அடைவதில்லை.

இவ்விடைவெளியைக் குறைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. வெயில் படும் இடங்களில் மீண்டும் மீண்டும் கொப்புளம் காணும் பெரியவருக்குப் போர்பிரின், ஹெபடைடிஸ் சி பரிசோதனைகளைத் தோல் நோய்ப் பிரிவில் வழக்கமாக்குதல், ஒளி படாமல் மாதிரி அனுப்பும் நடைமுறையை ஆய்வகங்களில் உறுதிசெய்தல், கல்லீரல் பிரிவுக்கும் தோல் பிரிவுக்கும் இடையே பரிந்துரை முறையை ஏற்படுத்துதல் ஆகிய மூன்றும் கிடைக்கும் வசதிகளைக் கொண்டே செய்யத்தக்கவை.

அன்றாடப் பாதுகாப்பு

- நெருக்கமாக நெய்த, அடர்நிற முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, கையுறை ஆகியவற்றை அணியுங்கள். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் அது போதாது.
- துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு ஆகியவை கலந்த, தோலின் மேல் நிறம் தெரியும் களிம்பையே பயன்படுத்துங்கள்.
- வெளிவேலைகளைக் காலை முற்பொழுதிலும் மாலையிலும் அமைத்துக்கொள்ளுங்கள். மேகமூட்டமான நாளிலும் கவனம் தேவை.
- கொப்புளங்களை உடைக்காதீர்கள். சுத்தமான நீரால் கழுவி, மெல்லிய துணியால் மூடுங்கள். சீழ், காய்ச்சல் இருந்தால் மருத்துவரை அணுகுங்கள்.
- வெயிலைத் தவிர்ப்பதால் வைட்டமின் டி குறையலாம். அதன் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.
- எந்த மருத்துவ முறையைச் சேர்ந்த புதிய மருந்தைத் தொடங்கும் முன்னும், உங்களுக்குள்ள போர்பிரியா வகையை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

கருமையடைந்த தோலையும் தழும்பையும் கண்டு, தொழுநோயோ என்று அயலார் ஐயுறுவதும், சாபம் என்று உறவினர் ஒதுக்குவதும் நேரலாம். பெண்களுக்கு முகத்தில் முடி வளரும்போது மனவேதனை மிகுதி. சிகிச்சையால் நோய் தணியும்போது முடி வளர்ச்சியும் கருமையும் படிப்படியாகக் குறையக்கூடும் என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

வெயில் படும் இடங்களில் கொப்புளம் மீண்டும் மீண்டும் தோன்றினாலோ, புறங்கைத் தோல் எளிதில் உரிந்தாலோ, சிறுநீரின் நிறம் மாறியிருந்தாலோ, வெயிலில் குழந்தை எரிச்சலால் அழுதாலோ, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகுங்கள். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை உடன் எடுத்துச் செல்லுங்கள். மது அருந்தும் பழக்கம் இருப்பின் அதனை மறைக்காமல் கூறுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அது தேவைப்படும் தகவலாகும். "எனக்குப் போர்பிரின் பரிசோதனை தேவைப்படுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். மேலும் வழிகாட்டுதலுக்குத் தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

இப்பக்கத்திலுள்ள விவரங்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.